பாப்பா சேர்ந்த பாலர் பள்ளி

திண்டிவனத்தில் ரயில் நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே, வேர்க்கடலையை ஆட்டி எண்ணெய் எடுக்கிற ஒரு மல்லாட்டை மில் இருந்தது. அதன் பின்பக்கச் சந்தில், ஊர் மாதர் சங்கம் வாடகைக்கு எடுத்த ஓட்டு வீட்டில்தான் எங்கள் பாலர் பள்ளி நடந்தது. ஐம்பதுகளின் கடைசி அது. சங்கத்துக்குத் தலைவி ஊரில் பெயர் பெற்ற வக்கீலின் மனைவி, எல்லோருக்கும் வக்கீலம்மா. பள்ளிக்கு டீச்சர் நான் ஒருத்தி. பாலைக் காய்ச்சவும் பிள்ளைகளைக் கழுவிவிடவும் ஒரு ஆயாம்மா.

நான் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பத்துப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் மெட்ராசுக்குப் போய்ச் சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி எடுத்தேன். என்னோடு பேசிப் பேசிக் களைத்துப்போய்த்தான் அப்பா அதற்குச் சம்மதித்தார் என்று அம்மா சொல்வாள். அது உண்மைதான். ஒரு காரியம் சரி என்று பட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் கெடாது. எதிரில் இருக்கிறவர்களுக்குத்தான் கெடும்.

அந்த வருஷம் தை மாதம் ஒரு காலை வேளையில், பிள்ளைகள் பாட்டுப் பாடி முடித்துப் பாலுக்காக டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். மரக்காணம் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். தோளில் ஒரு பெண் குழந்தை. நாலு வயசு இருக்கும். முகத்தில் அம்மைத் தழும்பு. இரண்டு கண்ணிலும் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். கோச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"போன வருசம் அம்மை வந்துச்சு. உசிரு நின்னுது, கண்ணு போயிடுச்சு. நாங்க ரெண்டு பேரும் கழனிக்குப் போயிட்டா இத்த வெச்சிக்க ஆளு இல்ல. கொல்லையில தொறந்த கெணறு. இடுப்புல துணியச் சுத்தி, கட்டில் கால்ல கட்டிட்டுப் போறோம். வேற வழி இல்லீங்க."

அவர் தலை குனியவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார். அந்தத் துணியை எத்தனை இளக்கமாகக் கட்டினாலும் குழந்தை இடுப்பில் காய்த்துப்போயிருந்ததை நான் பிறகு பார்த்தேன்.

"இங்க எப்படி வரணும்னு தோணுச்சு?"

"மில்லுக்கு மூட்ட ஏத்திக்கினு வந்தப்ப இதுவும் வண்டியில இருந்துச்சு. உள்ள புள்ளைங்க பாடிக்கினு இருந்தாங்க. ஊட்டுக்குப் போயி அதே பாட்ட அப்பிடியே பாடுது. அதான். ஒரு மூலையில குந்தி பாட்டு கேட்டுக்கினு இருந்தா போதுங்க. தொந்தரவு தராது."

"மூலை எல்லாம் இங்க இல்லைங்க," என்றேன். "நடுவுலதான் உட்காரணும். தொந்தரவும் தரணும். தராத குழந்தைய வெச்சிக்கினு நான் என்ன பண்றது?"

அவருக்கு நான் சொன்னது புரிந்ததா என்று தெரியவில்லை. குழந்தையை இறக்கிவிட்டார். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் இங்கே அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பார்வை இல்லாத குழந்தைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று என் பயிற்சியில் ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் நாலு வயசுக் குழந்தை என்றால் என்ன என்பதுதான். அது போதும் என்று நினைத்தேன்.

முதல் சில நாள் பாப்பா அசையவே இல்லை. வைத்த இடத்தில் கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாட்டு வந்தால் மட்டும் பாடுவாள், அதுவும் உதடு பிரியாமல். யாராவது திடீரென்று தொட்டால் உடம்பு முழுக்க விறைக்கும். "இது ஆவாத வேல டீச்சர்," என்றாள் ஆயாம்மா. நான் ஒன்றைக் கவனித்திருந்தேன்: மற்றப் பிள்ளைகள் ஓடும்போது பாப்பாவின் தலை அந்தச் சத்தத்தோடு கூடவே திரும்பியது. ஓடுகிறவர்களை அவள் காதாலே துரத்திக்கொண்டிருந்தாள்.

அவளை எழுப்பி நடக்க வைத்தது நானில்லை. வக்கீலம்மாவின் கடைசிப் பெண்ணும் எங்கள் பள்ளியில்தான் இருந்தாள். பாப்பாவின் வயசுதான். வாய் ஓயாது, சும்மா இருப்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. ஒருநாள் மணல் விளையாட்டு நேரத்தில் பாப்பா முன்னால் போய் நின்றாள்.

"நீ ஏன் குந்திக்கினே இருக்கிற?"

பாப்பாவின் தலை குரல் வந்த பக்கம் திரும்பியது.

"கால் இல்லியா?"

"இருக்குது," என்றாள் பாப்பா. பள்ளியில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"அப்ப வா."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வாசற்படியில் பாப்பா தடுக்கி விழுந்தாள், முழங்கால் சிராய்ந்தது. நான் எழுந்திருக்கப்போனேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். வக்கீல் வீட்டுப் பெண் குனிந்து பார்த்து, "ரத்தம் கொஞ்சம்தான்," என்று அறிக்கை கொடுத்தாள். பாப்பா அழவில்லை. மறுபடி அந்த வாசற்படி வந்தபோது காலைத் தூக்கி வைத்தாள்.

அதற்குப் பிறகு நான் வேலையைத் தொடங்கினேன். பாய்களை எப்போதும் ஒரே இடத்தில் போட வைத்தேன். தண்ணீர்ப் பானைக்கு முன்னால் ஒரு கோணிப்பை, கொல்லைக் கதவுக்கு முன்னால் கொஞ்சம் ஆற்று மணல். காலில் பட்டதுமே எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். மில் ஓடுகிற நாளில் புண்ணாக்கு வாசனை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அது தெருப்பக்கம் என்று பாப்பாவே கண்டுபிடித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதி: யார் பாப்பாவிடம் போனாலும் முதலில் வாயைத் திறந்து, தான் இன்னார் என்று சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் அவர்கள் எல்லோரிடமும் அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். தபால்காரர் வந்தால்கூடத் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அவரோடு பேசினார்கள்.

கதை சொல்லும்போது படம் காட்டுவதை விட்டுவிட்டுப் பொருளைக் கையில் கொடுத்தேன். கேப்பை என்றால் கதிரோடு கேப்பை. மல்லாட்டை என்றால் மண்ணோடு பிடுங்கிய செடி. பாப்பாவின் அப்பா கழனியிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார். பார்வை உள்ள பிள்ளைகளில் பாதிப்பேர் மல்லாட்டை வேரில் தொங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். கடைத்தெருப் பிள்ளைகள், அவர்களுக்கு அது மூட்டையில் காய்ப்பது. பாப்பாவுக்காகச் செய்தது எல்லோருக்கும் பாடமானது. அதை நான் முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணில் பட்டதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

சித்திரை பிறப்பதற்குள் தகராறு வந்தது.

முதலில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நின்றார்கள். பிறகு இன்னும் சிலர். ஆயாம்மாவுக்குத் தெரியாத சேதி திண்டிவனத்தில் இல்லை. "கண்ணு தெரியாத புள்ளைகூட உக்காந்தா ஒட்டிக்குமாம், டீச்சர். அப்பிடித்தான் பேசிக்கிறாங்க," என்றாள்.

சாயங்காலம் பள்ளியைப் பூட்டிவிட்டு நான் வீடு வீடாகப் போனேன். கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவர் வீட்டில், நின்றுபோன பையனின் அம்மா என்னை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"டீச்சர், உங்க மேல ஒண்ணும் இல்லை. பையன் வீட்டுல கண்ணை மூடிக்கினு நடக்கிறான். கண்ணை மூடிக்கினு சாப்பிடறான். எங்க மாமியார் பார்த்துட்டு அழுவுறாங்க. இது நல்லதுக்கா சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"சாதத்தைக் கீழ சிந்தினானா?"

அவள் யோசித்தாள். "இல்லை. அதுதான் ஆச்சரியம். கண்ணைத் தொறந்துக்கினு சாப்பிட்டா தட்டைச் சுத்தி இறைப்பான்."

"முன்னெல்லாம் எதிர்ல வர்றவங்க மேல முட்டுவானே, இப்ப?"

"இப்ப நின்னு காது குடுத்துக் கேக்கிறான்."

"அது பாப்பாகிட்டக் கத்துக்கினது. பாப்பா இவன்கிட்ட ஓடக் கத்துக்கினா. கண்ணை மூடறது விளையாட்டு. ராஜா வேஷம் போட்டா ராஜாவா ஆயிடுவானா? கொஞ்ச நாள்ல விட்டுடுவான். ஒட்டிக்கிற நோயா இருந்தா முதல்ல எனக்கு வந்திருக்கணும். நாள் பூராவும் அவளைத் தூக்கி வெச்சிக்கினு இருக்கிறவ நான்."

மறுநாள் பையன் வந்தான். மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே பேச்சுத்தான். சில வீட்டில் காப்பி கொடுக்கவில்லை. ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. அந்தக் குழந்தை கடைசிவரை திரும்பி வரவும் இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். ஊர் அடங்கிவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் பாப்பாவே ஒரு வேலை செய்தாள்.

எங்களிடம் ரப்பர் பந்து ஒன்று இருந்தது. அதற்குள் சின்னச் சலங்கை மணி போட்டு, வெட்டிய இடத்தை சைக்கிள் கடையில் ஒட்டி வாங்கியிருந்தேன். உருண்டால் சத்தம் வரும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பந்துதான் வேண்டும். பாப்பா அதைத் தன்னுடையது என்றே முடிவு செய்துவிட்டாள். ஒருநாள் வக்கீல் வீட்டுப் பெண் அதை எடுத்துக்கொண்டு ஓட, பாப்பா சத்தத்தைப் பிடித்துப் பின்னாலேயே போய், கையில் அகப்பட்ட தோளைக் கடித்துவிட்டாள். பல் பதிந்து ரத்தம் வந்தது.

நான் பாப்பாவைத் தூக்கிவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். "கடிச்சியா?"

"பந்து என்னுது."

"பந்து எல்லாருது. கடிச்சதுக்கு இன்னிக்கு விளையாட்டு இல்லை. இங்கயே உட்காரு."

அவள் அலறினாள். மில் சத்தத்தையும் மீறிக் கேட்கிற அலறல். மற்ற யார் கடித்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். அதனால் அவளுக்கும் இதுதான். அன்றைக்கு விளையாட்டு முடிகிறவரை அவள் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் கூட்டிக்கொண்டு போக வந்த அப்பாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கண்ணு இல்லாத புள்ளைய தண்டிச்சீங்களாமே."

"ஆமாம்."

"அதுக்கு இன்னா தெரியும் டீச்சரம்மா?"

"எல்லாம் தெரியும். அதனாலதான் தண்டிச்சேன். தெரியாதுன்னு நினைச்சிருந்தா விட்டிருப்பேன்."

அவர் அப்படியே தரையில் குந்திக்கொண்டார். "ஊட்டுல யாரும் இத்த ஒரு வார்த்த கடிஞ்சு சொன்னதில்ல," என்றார். "பாவம்னு உட்டுட்டோம். தட்டத் தூக்கிப் போட்டாலும் பாவம்னு சிரிச்சிக்கினோம்." பாப்பா அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, "நான் கடிச்சிட்டேம்ப்பா," என்று தானாகச் சொன்னாள். அந்த ஆள் அழுதார். நான் உள்ளே போய் டம்ளர்களை அடுக்கினேன்.

வக்கீலம்மா மறுநாளே வந்தார். பெண்ணின் தோளில் மஞ்சள் பற்று. அவர் கத்துகிறவர் இல்லை. மெதுவாகப் பேசித்தான் எல்லா வேலையும் வாங்குவார்.

"நான் உனக்கு இதுவரைக்கும் குறுக்க நிக்கல. இனிமே அந்தக் குழந்தை வேண்டாம். நல்லபடியா சொல்லி அனுப்பிடு."

"மாமி, போன மாசம் மண்டிக்காரர் பையன் கல்லால அடிச்சு இன்னொருத்தன் மண்டை உடைஞ்சது. தையல் போட்டாங்க. அவனை அனுப்பச் சொல்லலியே நீங்க."

"அவன் குழந்தை. தெரியாம பண்ணிட்டான்."

"இவளும் குழந்தைதான். தெரிஞ்சே பண்ணினா. அதுக்கு உட்கார வெச்சேன். உங்க பொண்ணையும் ஒரு தடவை உட்கார வெச்சிருக்கேன், ஞாபகம் இருக்கா? மணலை வாயில திணிச்சதுக்கு."

"யார் வாயில?"

"பாப்பா வாயிலதான்."

வக்கீலம்மா பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவள் அதற்குள் நழுவிப் பாப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளில் இருந்த மஞ்சள் பற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இங்க பாரு, இங்கதான் கடிச்ச. காஞ்சிடுச்சு." பாப்பா விரலால் தடவிப் பார்த்து, "பெருசாத்தான் இருக்குது," என்றாள். இருவருக்கும் அதில் ஒரு பெருமை.

"சங்கத்துல நாலு பேரு கேப்பாங்க. அவங்களுக்கு நீயே வந்து பதில் சொல்லு," என்றார் வக்கீலம்மா.

போய்ச் சொன்னேன். அந்த அம்மாக்கள் முன்னால் நின்றபோது எனக்கு உள்ளங்கை வேர்க்கவில்லை என்பதை இப்போதும் கொஞ்சம் திமிரோடுதான் நினைத்துக்கொள்கிறேன். ஒட்டிக்கொள்ளுமா என்ற கேள்விக்கு ஆஸ்பத்திரி டாக்டரை நேரில் வரச் சொல்லியிருந்தேன். அவர் ஒரு நிமிஷம்தான் பேசினார்: அம்மை போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, தழும்பு ஒட்டாது, கண்ணும் ஒட்டாது. மற்றக் கேள்விகளுக்கு நான் பதில் சொன்னேன். எல்லோரும் பேசி முடித்ததும் வக்கீலம்மா, "என் பொண்ணு அங்கதான் படிப்பா. மத்தவங்க இஷ்டம்," என்று எழுந்துவிட்டார். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் நான் ஊருக்குப் போகவில்லை. மெட்ராசில் பார்வை இல்லாதவர்களுக்கென்று நடந்த பள்ளி ஒன்றில் போய் உட்கார்ந்து, புள்ளி எழுத்து கற்றுக்கொண்டேன். ஆறு புள்ளிதான். அந்த ஆறை மாற்றி மாற்றி வைத்தால் எழுத்தெல்லாம் வந்துவிடுகிறது. திரும்பி வந்ததும் அட்டையில் புளியங்கொட்டையைப் பசை போட்டு ஒட்டி, பாப்பாவின் விரலை அதன்மேல் வைத்தேன். அ, ஆ என்று அவள் தடவித் தடவிச் சொல்ல, மற்றப் பிள்ளைகளுக்கும் அது வேண்டுமாம். அவர்களுக்கும் கொடுத்தேன். புளியங்கொட்டையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஒரே வகுப்பில் கரும்பலகை எழுத்தும் கொட்டை எழுத்தும் சேர்ந்தே நடந்தது.

அடுத்த தை மாதம் எல்லோரையும் ரயிலில் விழுப்புரம் கூட்டிப்போனேன். அம்மாக்களும் வந்தார்கள். பாப்பாவின் அம்மாவுக்கு அதுதான் முதல் ரயில். ஜன்னல் கம்பியை விடவே இல்லை.

மயிலம் தாண்டியதும் பின்னால் சண்டை. வக்கீல் வீட்டுப் பெண் வெளியே பார்த்து, "மரமெல்லாம் ஓடுது," என்றிருக்கிறாள்.

"மரம் ஓடாது. பொய்யி," என்றாள் பாப்பா.

"நான் பாத்தேன். ஓடுது."

"அதுக்குக் கால் ஏது? எங்க கொல்லையில ஒரு மரம் இருக்குது. தெனமும் தொடறேன். அங்கயேதான் நிக்குது."

இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். ரயிலில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தார்கள். "ஓடற மாதிரி தெரியும், ஆனா ஓடாது. ரயில்தான் ஓடுது," என்றேன். வக்கீல் வீட்டுப் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை. பேரணி, விக்கிரவாண்டி ஸ்டேஷன்கள் தாண்டும் வரைக்கும் முறைத்துக்கொண்டே வந்தாள். முண்டியம்பாக்கத்தில் வேர்க்கடலை மிட்டாய் கொடுத்த பிறகு சமாதானமானாள்.

விழுப்புரத்தில் இறங்கியதும் பாப்பா என் புடவையை இழுத்தாள். "டீச்சர், ரயிலு எம்மாம் நீளம்?"

கையை விரித்துக் காட்டுகிற விஷயமா அது? வண்டி அங்கே வெகுநேரம் நிற்கும். இன்ஜின் தண்ணீர் பிடிக்க வேண்டும். "வா, அளந்து பார்க்கலாம்," என்று அவளைக் கடைசிப் பெட்டிக்குக் கூட்டிப்போய், கையைப் பெட்டிமேல் வைக்கச் சொன்னேன். நடந்தோம். பெட்டி முடிகிற இடத்தில் கை அந்தரத்தில் போகும்; அடுத்த பெட்டி வந்ததும் சிரிப்பாள். திரும்பிப் பார்த்தால் எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் வரிசையாக ரயில்மேல் கையை வைத்துக்கொண்டு பின்னால் வருகிறார்கள். யாரும் சொல்லவில்லை. ஜன்னலில் இருந்த பயணிகள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஒரு போர்ட்டர் சுமையை இறக்கிவைத்துவிட்டு நின்றார்.

இன்ஜின் பக்கம் போனதும் சூடு முகத்தில் அடித்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார். பாப்பாவின் கண்ணைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "கையை அங்க வைக்காதீங்க, சுடும். இந்தப் பக்கம் வாங்க," என்று கீழே இறங்கி வந்து, அவள் கையைப் பிடித்துச் சக்கரத்தின் மேல் வைத்தார். அவள் உயரத்துக்கு அது பெரிய சக்கரம். விளிம்பைத் தடவிக்கொண்டே போனாள்; மேல்பக்கம் எட்டவில்லை. டிரைவர் அவளைத் தூக்கினார். மற்றவர்களும் கையை நீட்ட, எல்லோரையும் தூக்கித் தூக்கி அவர் இடுப்பு ஒடிந்திருக்கும். திரும்பி வரும்போது எல்லோர் உள்ளங்கையும் கரி. அம்மாக்கள் திட்டிக்கொண்டே கழுவிவிட்டார்கள்.

ஐந்து வயசு முடிந்ததும் பாப்பாவை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஊர் ஆரம்பப் பள்ளிக்கு அவள் அப்பாவையும் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர். நாற்காலி போட்டார்.

"நான் வேணாம்னு சொல்லலம்மா. ஒரே வகுப்புல எத்தனை பசங்க பாத்தீங்க இல்ல? இந்தப் பொண்ணு விழுந்து அடிபட்டா யாரு பொறுப்பு?"

"விழுவா சார். எங்கிட்ட எத்தனையோ தடவை விழுந்திருக்கா. முழங்காலைப் பாருங்க."

பாப்பா பாவாடையைத் தூக்கிக் காட்டினாள்.

"விழுந்தா நான் வந்து கேக்க மாட்டேன் சார்," என்றார் அவள் அப்பா. "எழுந்துக்க அதுக்குத் தெரியும்."

"எழுதறது படிக்கிறது?"

"பாடப் புஸ்தகத்தைப் புள்ளி எழுத்துல நான் எழுதித் தர்றேன். வாய்க்கணக்கு உங்க வகுப்புல யாருக்கும் அவ சளைக்க மாட்டா. எங்க பிள்ளைங்க நிறையப்பேரு உங்க வகுப்புக்குத்தான் வர்றாங்க. அவளோட எப்படி இருக்கணும்னு அவங்களுக்குத் தெரியும். வாத்தியாருக்குத் தெரியலைன்னா அவங்களே சொல்லுவாங்க."

ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டார். "காலாண்டு வரைக்கும் பார்க்கலாம்," என்றார்.

காலாண்டுப் பரீட்சை வந்தது, போனது. பார்க்கலாம் என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. மூன்றாம் வகுப்பு வரை பாப்பா அங்கே படித்தாள். பிறகு மெட்ராஸ் பள்ளிக்குப் போய்ச் சில வருஷம் விடுதியில் இருந்து, புள்ளி எழுத்தில் வேகமாகப் படிக்கவும் எழுதவும் பழகினாள். அவள் போன அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் அழுதார்கள். அவள் அழவில்லை, எந்தப் பெட்டியில் ஏறுவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அறுபதுகளின் கடைசியில் திண்டிவனத்துக்கே திரும்பி, பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். வக்கீல் வீட்டுப் பெண்ணும் அதே வகுப்பு. இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று டீச்சர்கள் பிரித்து உட்கார வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நான் அப்போது திண்டிவனத்தில் இல்லை. விழுப்புரத்தில் ரயில்வே ஆபீசில் கிளார்க்காக இருந்தவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தபோதே, "நான் பள்ளிக்கூடம் நடத்துவேன்," என்று சொல்லிவிட்டேன். "நடத்துங்க," என்றார். அதற்கு மேல் நாங்கள் அன்றைக்குப் பேசவில்லை. பேச வேண்டியதைப் பேசிவிட்டோம்.

திண்டிவனத்துப் பள்ளியை, எனக்குக் கீழே இரண்டு வருஷம் வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். விழுப்புரத்தில் ரயில்வே காலனியில் ஒரு கூடம் கிடைத்தது. இந்தத் தடவை யாராவது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. பஸ் பிடித்துச் சுற்று ஊர்களுக்குப் போய்க் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாதா கோயிலில் பங்குச் சாமியார் எனக்காகச் சொன்னார்: பார்வை இல்லாத சின்னப் பிள்ளை யார் வீட்டில் இருந்தாலும் காலனிக்குக் கூட்டிப் போங்கள், மறைத்து வைக்க வேண்டாம். மூன்று பேர் வந்தார்கள். இன்ஜினில் கரி தள்ளுகிற ஒருவரின் பையன். கோலியனூர்ப் பக்கத்திலிருந்து அக்காள் தங்கை இரண்டு பேர்.

அந்தப் பையனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அப்பா வேலை செய்கிற இன்ஜின் ஊதினாலும் நடுங்குவான். காலனியில் இன்ஜின் ஊதாத நேரம் ஏது? ஒவ்வொரு தடவையும் பாயில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொள்வான். நான் அவனைச் சமாதானம் செய்து பார்த்தேன், பலிக்கவில்லை. பிள்ளைகள் வேறு வழி செய்தார்கள். இன்ஜின் ஊதும்போதெல்லாம் அவனைச் சுற்றி நின்று அவர்களும் ஊதினார்கள், தொண்டை வலிக்க. ஒரு வாரம் அந்தக் கூடத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் அவனும் ஊதினான். எல்லோரையும்விட அவன் ஊதல்தான் அசல் மாதிரி இருந்தது. காலனிப் பெண்கள் வெளியே வந்து, எந்த வண்டி இந்த நேரத்தில் என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் வருஷம் பள்ளி திறக்கிற அன்று, இன்ஜின் ரிப்பேர் செய்கிற ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவரின் மனைவி தன் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நல்ல பார்வை உள்ள பையன். வந்ததும் ஜன்னலில் ஏறிவிட்டான்.

"இங்க கண்ணு தெரியாத பசங்களும் படிக்கிறாங்களாமே டீச்சர்?"

"படிக்கிறாங்க." எனக்குள் பழைய பதில்களெல்லாம் தயாராக எழுந்து நின்றன.

"அதான் இங்க கூட்டியாந்தேன். எதிர்வீட்டுப் பையன் போன வருசம் உங்ககிட்டதான் இருந்தான். போறப்ப முரடு, இப்ப மனுசங்ககூட எப்படி இருக்கணும்னு தெரிஞ்சிருக்குது. இவனுக்கு எடம் இருக்குதா?"

"இருக்கு," என்றேன். "முதல்ல அவனை ஜன்னல்லேர்ந்து இறக்குங்க."